அனலிஸ்ட் காதில் விழுவது யார் குரல்

ஒரு வங்கி ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பெரிய மென்பொருள் ஒன்றை வாங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் 60 நிறுவனங்கள் அதை விற்கின்றன. 60 பேரையும் கூப்பிட்டு டெமோ பார்க்க யாருக்கும் நேரமில்லை. வங்கியின் ஐ.டி. தலைவர் முதலில் செய்வது, தாங்கள் சந்தா கட்டியிருக்கும் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனலிஸ்டோடு அரை மணி நேரம் பேச நேரம் வாங்குவதுதான். அந்தப் பேச்சு முடியும்போது 60 என்பது 6 ஆகியிருக்கும். விற்கும் நிறுவனங்களின் சேல்ஸ் ஆட்களுக்கு இப்படியொரு அழைப்பு நடந்ததே தெரியாது. டெண்டர் வந்து சேராதபோதுதான் தங்கள் பெயர் எங்கோ உதிர்ந்துவிட்டது என்று புரியும்.

அந்த அரை மணி நேரத்தில் உங்கள் பெயர் அடிபட வேண்டும். அடிபடும்போது சரியான காரணத்தோடு அடிபட வேண்டும். ஏ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அனலிஸ்ட் ரிலேஷன்ஸ் வேலையின் மொத்த நோக்கமும் இவ்வளவுதான். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பெருகிய பிறகு, இந்த வேலைக்கு இங்கேயும் ஆள் தேடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், பி.ஆர். பிரிவிலிருந்து ஒருவரைத் தூக்கி உட்கார வைத்து, "அடுத்த மேஜிக் குவாட்ரன்டில் நாம் லீடராக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். (கார்ட்னர் என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஒரு துறையில் விற்போரை நான்கு கட்டங்களில் புள்ளிகளாக வைத்துக் காட்டும் அறிக்கைதான் மேஜிக் குவாட்ரன்ட்; அதில் உயர்ந்த கட்டம் லீடர்.) அவரும் பத்திரிகையாளர்களிடம் பழகிய மாதிரியே அனலிஸ்ட்களிடமும் பழகப் பார்க்கிறார். முதல் சறுக்கல் அங்கேதான். செய்தியாளர் உங்கள் செய்தியை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அனலிஸ்டோ உங்கள் வாடிக்கையாளர்களிடமும், உங்களை விட்டுப் போனவர்களிடமும் வருடம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பவர். பரபரப்பான துறையைக் கவனிக்கும் ஒருவர் ஆண்டுக்குப் பல நூறு அழைப்புகளை எடுக்கிறார். இன்று நீங்கள் சொன்னது மெய்யா என்று அடுத்த வாரமே யாராவது அவருக்குச் சொல்லிவிடுவார்கள்.

தொழிலின் பிறப்பைப் பார்த்தால் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். ஐடிசி என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1964-இல் தொடங்கியது. எத்தனை கணினி எங்கே விற்றது என்று எண்ணிச் சொல்வது அதன் அடிப்படைத் தொழில். கிடியன் கார்ட்னர் வால் ஸ்ட்ரீட்டில் ஐபிஎம்மை அலசிக்கொண்டிருந்தவர். பங்கு வாங்குவோருக்குப் பயன்பட்ட அந்த அலசல், கணினி வாங்குவோருக்கும் பயன்படும் என்ற கணக்கில் 1979-இல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். ஜார்ஜ் காலனி ஃபாரஸ்டர் என்ற இன்னொரு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது 1983-இல். பிறகு பெரியவை சிறியவற்றை வாங்கின: கிகா 2003-இல் ஃபாரஸ்டரிடம் போனது, மெட்டா குரூப் 2005-இல் கார்ட்னரிடம் போனது. கிகாவைத் தொடங்கியவரும் கிடியன் கார்ட்னர்தான். தன் பெயர் தாங்கிய நிறுவனத்தோடு தானே போட்டி போட்டவர். 2024-இல் கார்ட்னரின் வருவாய் 600 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு ஆராய்ச்சிச் சந்தா.

சந்தா கட்டுவது வாங்குவோர் மட்டுமல்ல, விற்போரும்தான். அதனால் இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

காசு கொடுத்தால் இடம் கிடைக்குமா?

நெட்வொர்க் கண்காணிப்புக் கருவிகளைச் செய்யும் நெட்ஸ்கவுட் நிறுவனம் 2014-இல் கனெக்டிகட் மாநில நீதிமன்றத்தில் கார்ட்னர் மீது வழக்குப் போட்டது. தன்னை லீடர் கட்டத்தில் வைக்காமல் சேலஞ்சர் கட்டத்தில் வைத்தது அவதூறு என்றும், கார்ட்னரின் சேவைகளைப் போதுமான அளவு வாங்காததே அதற்குக் காரணம் என்றும் அது வாதிட்டது. 2017-இல் கீழ் நீதிமன்றம் கார்ட்னர் பக்கம் தீர்ப்பளித்தது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கட்டத்தில் ஒரு நிறுவனத்தை எங்கே வைப்பது என்பது கருத்து, கருத்துக்கு அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் காப்பு, என்பதே சாரம். அதற்கு முன் 2009-இல் ஸீஎல் டெக்னாலஜிஸ் என்ற மின்னஞ்சல் காப்பக நிறுவனம் கலிஃபோர்னியாவில் போட்ட வழக்கும் ஏறக்குறைய இதே காரணத்தால் தள்ளுபடியானது.

இந்தத் தீர்ப்புகளை இரண்டு விதமாகவும் தப்பாகப் படிக்கிறார்கள். கார்ட்னர் சுத்தம் என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். வழக்கின் முடிவு நின்றது கருத்துரிமையின் மேல். சட்டத்தின் ஓட்டையில் தப்பித்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இது ஓட்டையில்லை, எந்த விமர்சகருக்கும் உள்ள உரிமை. ஏ.ஆர். வேலை செய்பவருக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்றே ஒன்று: வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் புள்ளியை நகர்த்த முடியாது. அனுப்பினால் உறவு கெடும், அவ்வளவுதான்.

காசு எதை வாங்கித் தருகிறது என்று தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. சந்தா கட்டாத நிறுவனமும் அறிக்கையில் இடம்பெறும். விதிகளுக்குள் வந்தால் விருப்பமில்லாவிட்டாலும் இடம்பெறும். பிரீஃபிங் கொடுக்கக் கட்டணம் கிடையாது. சந்தா கட்டினால் கிடைப்பது இன்குவைரி, அதாவது நீங்கள் கேட்க, அனலிஸ்ட் பதில் சொல்லும் அரை மணி நேரம். பிரீஃபிங்கில் நீங்கள் பேசுகிறீர்கள், அவர் கேட்கிறார். கருத்துச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கில்லை. இன்குவைரியில் அவர் என்ன நினைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியவருகிறது. கட்டத்தில் இடம் விலைக்கு வருவதில்லை. ஆனால் அனலிஸ்டின் மனசு எந்தப் பக்கம் போகிறது என்பதை ஆறு மாதம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி விலைக்கு வருகிறது, அது சின்ன வசதி இல்லை. சின்ன நிறுவனங்கள் இதை அநியாயம் என்று சொன்னால் மறுப்பது கஷ்டம்.

புள்ளி எதை வைத்து விழுகிறது

மேஜிக் குவாட்ரன்டின் செங்குத்து அச்சு நிறைவேற்றும் திறன், கிடை அச்சு பார்வையின் முழுமை. லீடர்ஸ், சேலஞ்சர்ஸ், விஷனரீஸ், நிஷ் பிளேயர்ஸ் என்ற நான்கு கட்டங்களும் இந்த இரண்டு அச்சுகளால் பிரிபவை. செங்குத்தில் 7 அளவுகோல்கள்: தயாரிப்பு அல்லது சேவை, நிறுவனத்தின் நிலைப்பு, விற்பனையும் விலையும், சந்தைக்கு ஈடுகொடுத்த வரலாறு, மார்க்கெட்டிங், வாடிக்கையாளர் அனுபவம், உள் செயல்பாடு. கிடையில் 8: சந்தையைப் புரிந்துகொண்ட விதம், மார்க்கெட்டிங் உத்தி, விற்பனை உத்தி, தயாரிப்பு உத்தி, வணிக மாதிரி, துறைவாரி உத்தி, புதுமை, நிலப்பரப்பு உத்தி. ஒவ்வொன்றுக்கும் அதிகம், நடுத்தரம், குறைவு என்று எடை உண்டு. சிலவற்றை மதிப்பிடாமலும் விடுவார்கள். இந்த எடை அறிக்கையிலேயே அச்சாகியிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு மூடிவைப்பவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

பொறியாளர்களுக்கு இது கோபத்தைத் தரும். "நம்ம புராடக்ட் அவங்களதைவிட நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். இருக்கலாம். செங்குத்தின் 7-இல் இன்றைய தயாரிப்பை நேரடியாகத் தொடுவது ஒன்றுதான். மற்ற ஆறும் அதை எப்படி விற்கிறீர்கள், எப்படித் தாங்குகிறீர்கள், பணம் தீர்ந்துபோகாமல் இருப்பீர்களா என்று கேட்கின்றன. தயாரிப்பை மட்டும் எடை போடுவது கிரிட்டிகல் கேபபிலிட்டீஸ் என்ற துணை அறிக்கை; அதில் பயன்பாட்டு வகைக்கு ஏற்ப 1 முதல் 5 வரை மதிப்பெண் வரும். நடுத்தர அளவு நிறுவனத்துக்கு விற்கிற உங்களுக்கு, படத்தில் நிஷ் கட்டமும் இந்தத் துணை அறிக்கையில் உங்களுக்கு ஏற்ற பயன்பாட்டில் இரண்டாமிடமும் வந்தால் சேல்ஸ் ஆட்கள் கையில் எடுக்க வேண்டியது இரண்டாவதை. ஃபாரஸ்டரின் ஒப்பீட்டு அறிக்கையான வேவில் இன்னொரு வசதி: அளவுகோல்வாரியான மதிப்பெண்களை விரிதாளில் எடுத்து, வாங்குவோர் தங்களுக்கு முக்கியமானதற்கு எடையை ஏற்றிப் பார்க்கலாம்.

தலைமைச் செயல் அதிகாரிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய விஷயம் ஒன்று. புள்ளியின் இடம் மற்றவர்களோடு ஒப்பிட்டு விழுவது. உங்கள் தயாரிப்பு போன வருடத்தைவிட மேம்பட்டிருந்தும், மற்ற மூன்று பேர் அதைவிட வேகமாக மேம்பட்டிருந்தால் உங்கள் புள்ளி கீழே நகரும். எடைகளும் சேர்க்கை விதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். எனவே இரண்டு வருடப் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து "இரண்டு மில்லிமீட்டர் கீழே போயிருக்கிறோம்" என்று அளப்பதில் பொருளில்லை. படத்தைவிட உங்கள் பெயருக்குக் கீழே அச்சாகும் பலங்களும் எச்சரிக்கைகளும் நம்பகமான தடயம். போன வருட எச்சரிக்கையில் இருந்த வாக்கியம் இந்த வருடம் காணாமல் போனால் ஏதோ சரியாக நடந்திருக்கிறது. அதே வாக்கியம் மூன்று வருடமாகத் தொடர்ந்தால் நிறுவனத்துக்குள் யாரும் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

வேலை நடக்கும் மாதங்கள்

அறிக்கை வேலை தொடங்குகிறது என்று ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து தொடக்க மின்னஞ்சல் வந்து, அறிக்கை வெளியாக நான்கைந்து மாதம் பிடிக்கும். பலர் இந்த நான்கைந்து மாதம்தான் ஏ.ஆர். வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் மின்னஞ்சல் வரும்போது அனலிஸ்டின் மனதில் பாதிப் படம் வரைந்தாகிவிட்டது. அதை வரைந்தது முந்தைய பன்னிரண்டு மாதங்களில் வந்த அழைப்புகள்.

மின்னஞ்சலில் சேர்க்கை விதிகள் இருக்கும்: குறைந்தபட்ச வருவாய், வாடிக்கையாளர் எண்ணிக்கை, எத்தனை கண்டங்களில் விற்பனை, எந்தத் தேதிக்குள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அம்சங்கள் கணக்கில் வரும். ஆட்களைக் கவிழ்ப்பது அந்தக் கடைசி விதி. தயாரிப்புக் குழு உயிரைக் கொடுத்து வேலை செய்து, முக்கியமான அம்சத்தைக் கெடு தேதி முடிந்து பத்து நாளில் வெளியிடும். அந்தப் பத்து நாளின் விலை ஒரு வருடம். இதைத் தவிர்ப்பது எளிது: போன ஆண்டின் கெடு தேதியை எடுத்து, அதற்கு ஒரு மாதம் முந்தைய நாளைத் தயாரிப்புக் குழுவின் காலண்டரில் முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும். வெளியீட்டுக் குறிப்பில் தேதியும், பொதுவெளி ஆவணப் பக்கமும் இருக்க வேண்டும். பீட்டா என்ற சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்கில் வராது.

அடுத்து கேள்விப் பட்டியல். நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட விரிதாள், நிரப்ப இரண்டு மூன்று வாரம். பதில்கள் நிதிப் பிரிவு, தயாரிப்பு, சப்போர்ட், ஹெச்.ஆர்., சட்டம் என்று ஐந்தாறு இடங்களிலிருந்து வர வேண்டும். பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அவர் எல்லாப் பதிலையும் ஒரே குரலில் திருத்தி எழுத வேண்டும். சேல்ஸ் பக்கத்திலிருந்து வரும் பதில்களில் எல்லாவற்றுக்கும் "உண்டு" என்றிருக்கும். அதை அப்படியே அனுப்புவது ஆபத்து. "இன்று தயாரிப்பிலேயே உண்டு", "கூட்டாளி வழியாக உண்டு", "திட்டத்தில் உள்ளது, இந்தக் காலாண்டில்" என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு பொய் "உண்டு" டெமோவில் பிடிபட்டால், மெய்யான நாற்பது "உண்டு"களும் சந்தேகத்துக்குள்ளாகும். வருவாயைச் சொல்ல மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. மறுத்தால் அனலிஸ்ட் தன் கணிப்பில் ஒரு எண்ணைப் போடுவார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

டெமோவுக்கு அவர்களே காட்சி வரிசை கொடுப்பார்கள். அதை அதே வரிசையில், கொடுத்த நேரத்துக்குள் முடிப்பதுதான் மொத்த ரகசியமும். ப்ரீசேல்ஸ் ஆட்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு திரையில் பன்னிரண்டு நிமிடம் நின்றுவிடுவார்கள். கடைசி மூன்று காட்சிகளுக்கு நேரமில்லாமல் போகும், அந்த மூன்றுக்கும் மதிப்பெண் போகும். வீடியோவாக அனுப்பச் சொன்னால் ஒவ்வொரு காட்சியின் தொடக்க நிமிடத்தையும் தனித் தாளில் குறித்து அனுப்புங்கள். சந்தைப்படுத்தல் ஸ்லைடுகளை நடுவில் செருகாதீர்கள்.

இனி பிரீஃபிங். ஒரு மணி நேரம் கேட்டிருந்தாலும் 12 ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். நிறுவனம் எப்போது பிறந்தது, எத்தனை விருது வாங்கியது, லோகோக்கள் நிறைந்த பக்கம் ஆகிய மூன்றும் அனலிஸ்டின் தூக்க மாத்திரைகள். தொடங்க வேண்டிய இடம், போன பிரீஃபிங்கில் அவர் எழுப்பிய சந்தேகம். அதற்கு என்ன செய்தீர்கள் என்பது. பிறகு ஒரு வாடிக்கையாளர் கதை, எண்களோடு: முன்பு எவ்வளவு நேரம் பிடித்தது, இப்போது எவ்வளவு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், நிறுவ எத்தனை வாரம் ஆனது, எங்கே சொதப்பியது. அந்தக் கடைசி விவரத்தைச் சொல்லப் பயப்படுகிறார்கள். வாடிக்கையாளரே வேறொரு நாள் அதை அனலிஸ்டிடம் சொல்லப்போகிறார், முதலில் உங்கள் வாயிலிருந்து கேட்டிருந்தால் அதன் கனம் வேறு. ஸ்லைடுகளை இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். வெளியே போகக் கூடாத பக்கங்களில் ஒவ்வொன்றிலும் "ரகசியம்" என்று தனித்தனியாக எழுதுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் எழுதினால் பிரித்து எடுத்த பக்கத்துக்கு அந்தக் காப்பு தெரியாது. பேசுவது தயாரிப்புத் தலைவராக இருக்கட்டும். ஏ.ஆர். ஆள் பேசுவதைக் குறைத்து, அனலிஸ்ட் எந்த ஸ்லைடில் கேள்வி கேட்டார், எங்கே அமைதியானார் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

புதிய வெளியீடு என்றால் பத்திரிகைக் குறிப்பு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முக்கியமான அனலிஸ்ட்களுக்குச் சொல்லிவிட வேண்டும். வெளியீட்டு நாளன்று வாடிக்கையாளர் ஒருவர் "இது தேறுமா?" என்று கேட்கும்போது அனலிஸ்ட் விழிக்கக் கூடாது.

இன்குவைரியை வீணடிக்கும் வழி, அதைப் பிரீஃபிங்காக மாற்றிவிடுவது. அரை மணியில் 20 நிமிடம் ஸ்லைடு காட்டிவிட்டு, "எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். கேள்விகளை முன்பே எழுதி அனுப்புங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். நல்ல கேள்வி இப்படி இருக்கும்: "கடந்த மூன்று மாதத்தில் இந்தத் துறை பற்றி உங்களை அழைத்தவர்களின் பட்டியலில் எங்கள் பெயர் எந்த நிலையில் உதிர்கிறது? முதல் பட்டியலிலேயே வருவதில்லையா, அல்லது விலை கேட்டபின் போகிறதா?" வாடிக்கையாளர் பெயரை அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. போக்கைச் சொல்வார். விலைப் பட்டியல் குழப்பமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், அது நீங்கள் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்யும் சந்தை ஆய்வைவிட நேரடியான தகவல். அதை அன்றைக்கே விலை நிர்ணயம் செய்கிறவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஏ.ஆர். வேலையின் முக்கியப் பாதி. வெளியே பேசுவதைவிட உள்ளே பேசுவதற்கு அதிகத் தைரியம் வேண்டும்.

வாங்குவோரின் அழைப்புகள் எவ்வளவு வேகமாகச் சந்தையின் கேள்வியையே மாற்றிவிடும் என்பதற்கு, மெய்நிகராக்க (ஒரே சர்வரில் பல கணினிகளை ஓட்டும்) மென்பொருள் விற்கும் வீஎம்வேர் நல்ல உதாரணம். பிராட்காம் 2023 நவம்பரில் அதை வாங்கி முடித்தது. டிசம்பரில் நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. அதுவரை "மெய்நிகராக்கத்தில் எது சிறந்தது?" என்று யாரும் புதிதாகக் கேட்காத துறையில், "மாறிப்போக எவ்வளவு செலவாகும், எவ்வளவு காலம் பிடிக்கும்?" என்பதே கேள்வியானது. அந்த நேரத்தில் மாற்றுத் தயாரிப்பு வைத்திருந்த நிறுவனம் அனலிஸ்டுக்குத் தர வேண்டியது புகழ்ச்சியல்ல. 500 சர்வர்களை நகர்த்திய ஒரு வாடிக்கையாளரின் மெய்யான கால அட்டவணை, எது நகரவில்லை, பேக்கப் மென்பொருள் என்ன ஆனது என்ற விவரம். அனலிஸ்ட் அன்று மாலையே அதை இன்னொருவருக்குச் சொல்லப் பயன்படுத்துவார்.

விமர்சனங்களைச் சேர்ப்பது

முன்பு நிறுவனமே தனக்குப் பிடித்த வாடிக்கையாளர்களின் பெயரைக் கொடுக்கும் பழக்கம் வலுவாக இருந்தது. இப்போது கார்ட்னரின் பியர் இன்சைட்ஸ் போன்ற தளங்களில் வரும் விமர்சனங்களின் பங்கு கூடியிருக்கிறது. அதிலிருந்து எடுக்கப்படும் வாய்ஸ் ஆஃப் தி கஸ்டமர் அறிக்கையில் இடம்பெற, 18 மாத காலத்துக்குள் குறைந்தது 20 தகுதியான விமர்சனங்கள் வேண்டும். கெடு நெருங்கியதும் வாடிக்கையாளர் வெற்றிக் குழுவைத் துரத்தி ஒரே வாரத்தில் 40 விமர்சனம் சேர்ப்பது, பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழித்துப் படிக்கிற கதைதான். ஒரே நாளில் குவிந்த ஐந்து நட்சத்திரங்கள் தளத்தின் சரிபார்ப்பிலும் அனலிஸ்டின் கண்ணிலும் உறுத்தும். மாதம் மூன்று நான்கு என்று சீராக வர வேண்டும். ஒரு வாடிக்கையாளர் நிறுவலை முடித்து 90 நாள் ஆனதும் கேட்பது நல்ல வழக்கம். அப்போதுதான் சப்போர்ட் பற்றியும் அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். எல்லா விமர்சனமும் ஒரே நாட்டிலிருந்து, ஒரே அளவு நிறுவனத்திலிருந்து வந்தால் நிலப்பரப்பு உத்தி பற்றி நீங்கள் சொன்னதற்கு அதுவே எதிர்ச்சாட்சி. இந்திய நிறுவனங்கள் அடிக்கடி இதில் மாட்டிக்கொள்கின்றன.

பரிசு அட்டை கொடுக்கலாமா? தளத்தின் விதிக்குட்பட்ட சிறு தொகை, எல்லோருக்கும் ஒரே அளவு, எழுதியது நல்லதோ கெட்டதோ. நல்ல விமர்சனத்துக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டால், 2024 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கும் அமெரிக்க வணிக ஆணையத்தின் (எஃப்.டி.சி.) விதியின்படி அது சட்டமீறல். மூன்று நட்சத்திர விமர்சனம் ஒன்றிரண்டு இருப்பது நல்லதுதான்; அதற்கு நீங்கள் கீழே எழுதும் பதிலையும் வாங்குவோர் படிக்கிறார்கள்.

அறிக்கையின் வரைவு கையில் வந்ததும் நிறுவனமே பதறும். உண்மைச் சரிபார்ப்புக்குச் சில வேலை நாட்களே கொடுப்பார்கள். அந்த நாட்களைப் பாதிப்பேர் உரிச்சொற்களோடு சண்டை போட்டே தொலைக்கிறார்கள். "குறைந்த அளவே என்று எழுதியிருப்பது நியாயமில்லை" என்ற பின்னூட்டத்துக்கு எந்தப் பலனும் இல்லை, அது கருத்து. "மூன்றாம் பத்தி, இரண்டாம் வாக்கியம்: இந்த ஒருங்கிணைப்பு இல்லை என்கிறது. இன்ன தேதியில் வெளியானது, ஆவணப் பக்கம் இது, கேள்விப் பட்டியலில் 47-ஆம் கேள்விக்கான பதிலிலும் சொல்லியிருக்கிறோம்" என்று எழுதினால் மாறும். ஒரு வரிக்கு ஒரு ஆதாரம், பத்து திருத்தங்களுக்குள். எல்லாவற்றையும் எதிர்த்தால் எதுவும் மாறாது. மெய்யாகவே முறைகேடு என்று தோன்றினால் அனலிஸ்ட், அவருடைய மேலாளர், பிறகு கார்ட்னரில் ஓம்பட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளர் என்று படிப்படியாகப் போக வழி உண்டு. தலைமை அதிகாரி நேராக அனலிஸ்டைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவது அந்த வழியில் சேராது.

இதையெல்லாம் படித்துவிட்டு கார்ட்னர் ஒன்றே உலகம் என்று நினைக்க வேண்டாம். யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் செல்வாக்கு இருக்கும் இடம் மாறும். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்ற சேவை நிறுவனங்களுக்கு ஐ.எஸ்.ஜி., எவரெஸ்ட் குரூப் போன்றவை மிக முக்கியம். 2007-இல் டி.பி.ஐ. என்ற ஆலோசனை நிறுவனத்தை வாங்கிய ஐ.எஸ்.ஜி. அவுட்சோர்சிங் ஒப்பந்தங்களுக்கு ஆலோசனை சொல்வது, பல நேரம் டெண்டர் ஆவணத்தைத் தயாரிப்பதில் துணை நிற்பது. பட்டியல் போடுகிறவரே அறையில் இருக்கும்போது அறிக்கையின் படம் இரண்டாம்பட்சம். டெவலப்பர்களுக்குக் கருவி விற்பவர்களுக்கு வேறு கணக்கு. 2002-இல் தொடங்கிய ரெட்மங்க் என்ற ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆய்வைப் பூட்டி வைக்காமல் இலவசமாக வெளியிடுகிறது, ஏனென்றால் டெவலப்பர் அரை மணி நேர இன்குவைரி வாங்கி முடிவெடுப்பதில்லை; தரவிறக்கிப் பார்த்து முடிவெடுக்கிறார். அங்கே ஆவணத்தின் தரமும் கிட்ஹப்பில் கேள்விக்குப் பதில் வரும் வேகமும்தான் உங்கள் ஏ.ஆர். சென்னையின் ஜோஹோ அனலிஸ்ட்களுக்கென்றே ஆண்டுக் கூட்டம் நடத்துகிறது. அப்படிக் கூட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: வாடிக்கையாளர்கள் பேசும் அமர்வில் உங்கள் ஊழியர் யாரும் அறையில் இருக்கக் கூடாது.

எல்லோரையும் ஒரே அளவில் கவனிக்க முடியாது. உங்கள் துறையில் அழைப்புகளை எடுக்கும் ஐந்தாறு பேர் முதல் வரிசை. அவர்களோடு மாதம் ஒரு தொடர்பாவது இருக்க வேண்டும். அடுத்த பத்துப் பதினைந்து பேருக்குக் காலாண்டுக்கு ஒன்று. மற்றவர்களுக்குச் செய்திமடல் போதும். யார் முதல் வரிசை என்பதை அனலிஸ்டின் லிங்க்ட்இன் பின்தொடர்வோர் எண்ணிக்கை தீர்மானிக்கக் கூடாது. தோற்ற பத்து ஒப்பந்தங்களை எடுத்து, "யாரிடம் ஆலோசனை கேட்டீர்கள்?" என்று கேட்டால் வரும் பெயர்கள் தீர்மானிக்கட்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்துக்கு ஒரு எச்சரிக்கை. தொழில்நுட்ப அனலிஸ்ட் வேறு, பங்கு அனலிஸ்ட் வேறு. ஆனால் வெளியிடாத முக்கியத் தகவல் யாரிடம் கசிந்தாலும் சிக்கல்தான். அமெரிக்காவில் அப்படிச் சிலருக்கு மட்டும் சொல்வதைத் தடுக்கும் ரெக் எஃப்.டி. விதி 2000 முதல் நடப்பில் உள்ளது. காலாண்டு முடிவுக்கு முந்தைய வாரங்களில் வருவாய்க் கேள்விகளுக்கு யார் என்ன சொல்லலாம் என்று சட்டப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட செய்தி வரும் நாளில்தான் ஏ.ஆர். ஆள் இருப்பதே தெரிய வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அந்த மாதிரி நாளில் வாங்குவோரின் கேள்வி அனலிஸ்ட் வாசலுக்கு வந்துவிடும், உங்கள் விளக்கம் போய்ச் சேர்வதற்கு முன்பே. முதல் வரிசைக்கு 24 மணி நேரத்துக்குள் தொழில்நுட்பத் தலைவரே பேச வேண்டும்: என்ன நடந்தது, எத்தனை பேருக்கு, எதைச் செய்து சரி செய்கிறார்கள், அடுத்த தகவல் எப்போது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். பத்திரிகை அறிக்கையை வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது.

அறிக்கை வெளியான காலையில் மார்க்கெட்டிங் குழு போஸ்டர் போடத் துடிக்கும். "கார்ட்னர் சொன்ன நம்பர் 1" என்று எழுதினால் பிரச்சினை. மேஜிக் குவாட்ரன்ட் யாரையும் நம்பர் 1 என்று வரிசைப்படுத்துவதில்லை. ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன் அனுமதி வேண்டும், எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்கவில்லை என்ற மறுப்புக் குறிப்பு கீழே வர வேண்டும். முழு அறிக்கையை இணையத்தில் பகிர மறுபதிப்பு உரிமை வாங்க வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும், காலக்கெடுவும் உண்டு. புதுப்பிக்க மறந்த பழைய அறிக்கை இணைப்பு உங்கள் தளத்தில் தொங்கிக்கொண்டிருப்பது சங்கடம். சேல்ஸ் ஆட்களுக்கு ஒரே பக்கத்தில் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: நம் பலமாக என்ன எழுதியிருக்கிறது, நம் எச்சரிக்கையை வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது, போட்டியாளர்களின் எச்சரிக்கை எந்தப் பக்கத்தில் இருக்கிறது.

வருட முடிவில் மேலிடம் எண் கேட்கும். எத்தனை பிரீஃபிங் கொடுத்தோம் என்ற எண் வேலை செய்ததைக் காட்டும், பலனைக் காட்டாது. சேல்ஸ் மென்பொருளில் "அனலிஸ்டின் பங்கு இருந்ததா?" என்று ஒரு பெட்டியை வைத்து, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு அதைக் கட்டாயமாக்குங்கள். முதல் பட்டியலில் எத்தனை முறை நுழைந்தோம் என்பது ஒரு எண். எச்சரிக்கைத் தாள் இன்னொன்று: மூன்று வருட எச்சரிக்கைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர், எதை மாற்றினோம், எந்தத் தேதியில் வெளியானது, அதைச் சொல்லக்கூடிய வாடிக்கையாளர்கள் இருவர். அறிக்கை வெளியாகி இரண்டாவது வாரத்தில் ஒரு இன்குவைரி போட்டு, புதிய எச்சரிக்கைகளில் எவை வாடிக்கையாளர் அழைப்புகளிலிருந்து வந்தவை, எவை டெமோவில் பார்த்ததிலிருந்து வந்தவை என்று கேளுங்கள். முதல் வகை சப்போர்ட் தலைவரின் மேசைக்கும், இரண்டாம் வகை தயாரிப்புத் தலைவரின் மேசைக்கும் அதே வாரத்தில் போக வேண்டும்.